வலது வளைவில் மட்டும் மூச்சடைக்கும் கார்: பம்பா, வயரா, தாங்கியா?

ஜூன் 7, மாலை. கல்முனையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

"அண்ணா, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த ட்ராக்கில் போன கிழமை ஓடினேன். ஐந்தாறு சுற்று நல்லாப் போகிறது. பிறகு வலது பக்கம் திரும்பி வெளியே வந்து எக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அப்படியே செத்து, இரண்டு செக்கன் கழித்துத் திரும்பவும் பிடிக்கிறது. இடது வளைவில் இந்தப் பிரச்சினை இல்லை. ரோட்டில் ஓட்டினால் ஒன்றுமே இல்லை. கராஜில் பெற்றோல் பம்ப் போய்விட்டது, மாற்று என்கிறார்கள். மாற்றவா?"

ஜூன் 7, இரவு

மாற்றாதே தம்பி. பம்ப் பலவீனமானால் அதற்கு வலதும் இடதும் தெரியாது. நேர் பாதையில் நாலாவது கியரில் முழுதாக மிதித்து வைத்திருக்கும்போதுதான் அது முதலில் கைவிடும், ஏனென்றால் எஞ்சின் ஆகக் கூடுதலாகப் பெற்றோல் கேட்பது அங்கேதான். உன் கார் ஒரு பக்கம் மட்டும் அடைக்கிறது. அப்படியென்றால் தாங்கிக்குள் பெற்றோல் இருந்தும் பம்பின் வாய்க்கு அது எட்டவில்லை.

வலது பக்கம் திரும்பும்போது பெற்றோல் இடது சுவரில் ஏறும். பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது காரின் எடை அளவுக்கு என்றால் அதன் மேற்பரப்பு 45 பாகை சரியும். சாதாரண ரோட்டு ரயரில் 0.8 ஜி பிடித்தாலும் 39 பாகை வரும். இது மேசையில் வைத்த தேநீர்க் கோப்பை சரிவது மாதிரியான சின்னச் சரிவு இல்லை, வீட்டுக் கூரையின் சரிவு. ரோட்டில் நாங்கள் யாரும் அப்படித் திருப்புவதில்லை, அதனால்தான் ரோட்டில் ஒன்றும் தெரியாது.

எனக்கும் இதே நோய், பெப்ரவரியிலிருந்து. இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. மட்டக்களப்பில் ட்ராக் பைத்தியம் பிடித்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே எனக்குத் தெரிந்ததையெல்லாம் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று, லாம்ப்டா மீற்றர் (புகையை வைத்துக் காற்று, பெற்றோல் கலவையைக் காட்டுவது) இருந்தால் அதைப் பார். அடைக்கும்போது கலவை மெலிந்தால், அதாவது பெற்றோல் குறைந்தால் பெற்றோல் பிரச்சினை, மெலியாவிட்டால் இக்னிஷன் (ஸ்பார்க் பக்கம்). (இதைக் கீழே 12ஆம் திகதி திருத்தியிருக்கிறேன், இதோடு நிறுத்திவிடாதீர்கள்.)

ஜூன் 8, காலை

செலவில்லாத சோதனை ஒன்றை இரவு எழுத மறந்துவிட்டேன். தாங்கியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு ட்ராக்கில் இறங்கு. முதல் சுற்றிலேயே அடைத்தால் இது தாங்கி அல்ல, வேறு எங்கோ தேட வேண்டும். நிறைந்திருக்கும்போது ஒன்றும் இல்லாமல், பெற்றோல் முள் பாதிக்கு வரும்போது தொடங்கினால் தாங்கிதான். அடைக்கத் தொடங்கிய சுற்றில் முள் எங்கே நின்றது, எந்த வளைவு, அடைத்தது வளைவுக்குள்ளேயா வெளியே வந்த பிறகா, மூன்றையும் எழுதி வை. மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஹெல்மெட்டைக் கழற்றும்போது பாதி மறந்துவிடும்.

நாங்கள் கிழக்கிலிருந்து போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரவோடு இரவாக வாழைச்சேனை, ஹபரணை, கொழும்பு என்று முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப்போய் விடியக் காலையில் இறங்கினால் தாங்கி பாதியும் இருக்காது. நான் பெப்ரவரியில் அப்படித்தான் நேரே ட்ராக்குக்குள் போனேன். பக்கத்தில் நின்ற கொழும்புப் பையன்கள் பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் நிரப்பியிருந்தார்கள். அவர்களுடைய காருக்கு நோயே இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, மதியம்

பழைய வீடியோவைப் பார்த்துவிட்டுத் தம்பி பதில் எழுதியிருக்கிறார்: எட்டாவது சுற்றில் தொடங்கியதாம், முள் பாதிக்குச் சற்றுக் கீழே. சரி, பம்ப் வாங்கும் காசை வீட்டில் வை.

ஜூன் 11

சிலர் என் காரில் என்ன செய்தேன் என்று கேட்டார்கள். எந்த மொடல் என்று எழுதவில்லை, இது ஒரு மொடலுக்கு உரிய நோய் இல்லை. 1990களில் வந்த ஜப்பான் கார், 1.5 லீற்றர், பெற்றோல் தாங்கி 45 லீற்றர், பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது.

பெப்ரவரியில் அடைத்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது மின்சாரத்தை. பம்ப் சுழலும் வேகம் அதற்குக் கிடைக்கும் வோல்ட்டைப் பொறுத்தது. முப்பது வருடம் போகும் கார், உப்புக் காற்று, கல்லடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. காத்தான்குடியில் வயரிங் வேலை செய்யும் காக்கா (அண்ணன்) ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் பின் இருக்கையைத் தூக்கி, எஞ்சின் ஓடும்போதே பம்பின் செருகியில் மீற்றரை வைத்தார். பற்றரியில் 13.8, பம்பில் 10.9. ஏறக்குறைய மூன்று வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது! "தம்பி, இதை வெளிச்சத்துக்குப் பிடியுங்க" என்று பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேயைத் திறந்து காட்டினார். ஈயம் பற்றிய இடத்தில் பின்னைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு வட்டம். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் வெயிலிலும் அதிர்விலும் ஈயத்தில் இப்படி வெடிப்பு விழும், காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும், மத்தியானம் வெயிலில் நின்ற பிறகு ஆகாது என்றார். உண்மைதான், எனக்கு இரண்டு தடவை நடந்திருந்தது, நான் அதை இதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

புதிதாக ஈயம் பற்றினார், ஏர்த் வயரைச் சுரண்டித் திரும்பப் பூட்டினார், பற்றரியிலிருந்து பம்புக்குத் தனியாகத் தடித்த வயரும் தனி ரிலேயும் பியூஸும் போட்டார். பம்பில் 13.4 வந்தது. பிரச்சினை முடிந்தது என்று முழு மனதோடு நம்பினேன்.

ஏப்ரலில் திரும்பப் போனேன். அதே வலது வளைவு, அதே பாதித் தாங்கி, அதே இரண்டு செக்கன்.

வயரிங் வேலை வீண் இல்லை, அது உண்மையான பழுதுதான், செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் நான் தேடிப்போன பழுது அது இல்லை. ஒரு பழுதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதுதான் இந்த நோய்க்குக் காரணமா என்று கேட்க மறந்துவிட்டேன். வலது வளைவில் மட்டும் வோல்ட் குறைய வேண்டுமென்றால் அந்தப் பக்கம் ஏதாவது வயர் இழுபட வேண்டும். அப்படி நடக்கவும் முடியும், எஞ்சின் மவுண்ட் உடைந்த கார்களில் எஞ்சின் சாயும்போது வயர் இழுபடும். என் காரில் மவுண்ட் நல்லாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12

7ஆம் திகதி எழுதியதைத் திருத்த வேண்டும். லாம்ப்டா மெலிந்தால் பெற்றோல் பிரச்சினை என்று எழுதினேன், அது அரைகுறை. அந்த சென்சர் பார்ப்பது பெற்றோலை இல்லை, புகையில் மிஞ்சும் ஒட்சிசனை. ஸ்பார்க் விழாமல் போனாலும் எரியாத ஒட்சிசன் வெளியே வரும், மீற்றர் அதையும் மெலிவு என்றுதான் காட்டும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இக்னிஷன் பழுதுள்ள ஒருவர் தாங்கியைக் கழற்றிக்கொண்டிருப்பார். அப்படி ஒருவர் எனக்கு எழுதியும் இருக்கிறார். மன்னிக்க வேண்டும்.

பொய் சொல்லாதது பெற்றோல் அழுத்தம். ஏப்ரலில் நான் செய்தது இது: எஞ்சினுக்குப் பெற்றோலைப் பகிரும் ரெயிலுக்குப் பக்கத்தில் ஒரு இணைப்புப் போட்டு, எண்ணெய் நிரப்பிய சாதாரண அழுத்தமானியை நீளக் குழாயில் கொண்டுவந்து, வைப்பருக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினேன். போனைக் கண்ணாடிக்கு உள்ளே பூட்டி வீடியோ. பெற்றோல் குழாயை ஒருபோதும் காருக்குள்ளே கொண்டுவராதீர்கள், மீற்றரை உள்ளே பார்க்க ஆசையென்றால் மின்சார சென்சர் வாங்குங்கள். இரண்டு இறுக்கிகள் போட்டேன், சூடான எஞ்சினோடு பத்து நிமிடம் ஓடவிட்டுக் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் ட்ராக்குக்குள் போனேன்.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. கால் எடுத்து வளைவுக்குள் போகும்போது முள் இரண்டரை பார் பக்கம் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. நடு வளைவில் ஒரு சின்னத் துடிப்பு. வெளியே வந்து மிதிக்கிறேன், 3 பாருக்கு ஏற வேண்டிய முள் நேரே ஒன்றுக்குக் கீழே விழுகிறது, விழுந்த பிறகுதான் எஞ்சின் சத்தம் நிற்கிறது. முள் முதலில், சத்தம் பிறகு. இந்த ஒழுங்கைப் பார்த்தால் போதும். இக்னிஷன் பழுதென்றால் முள் அசையாமல் நிற்க, சத்தம் மட்டும் நின்றிருக்கும்.

தம்பி கேட்ட "வளைவுக்குள் இல்லாமல் வெளியே வந்த பிறகு ஏன் அடைக்கிறது" என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வளைவுக்குள் பாதி மிதியில் எஞ்சின் கேட்பது கொஞ்சம். பம்ப் அங்கேயே காற்றைக் குடிக்கத் தொடங்கிவிட்டது, ஆனால் குழாயில் மிஞ்சியிருந்தது ஓட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. மிதித்தவுடன்தான் கடன் கேட்கப்படுகிறது.

ஜூன் 12, கொஞ்சம் பிந்தி

அடைக்கும்போது காலை எடுங்கள்! முழுதாக அடைத்தால் எஞ்சின் சும்மா நிற்கும், அதில் பெரிய ஆபத்து இல்லை. முழு மிதியில் அரைகுறையாக மெலிந்து எரியும் அந்த அரைச் செக்கன்தான் ஆபத்து, வெப்பம் ஏறி, தட்டி, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். பின்னால் வருபவருக்கும் கையைக் காட்டுங்கள், உங்கள் கார் திடீரென்று வேகம் குறைவது அவருக்குத் தெரியாது. இதைக் கல்முனை ரோட்டிலோ கல்லடிப் பாலத்திலோ செய்து பார்க்க வேண்டாம். அங்கே பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

ஜூன் 15

பம்ப் பலவீனமா இல்லையா என்பதைச் சண்டை பிடிக்காமல் அளந்தே சொல்லலாம். பெற்றோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து தாங்கிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி அளவுக் குப்பிக்குள் விட்டு, எஞ்சினை ஓடவிடாமல் பம்பை மட்டும் 30 செக்கன் ஓட்டினேன். 720 மில்லிலீற்றர். ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை லீற்றர், அதுவும் ரெகுலேட்டரின் அழுத்தத்துக்கு எதிராக.

எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டும்? 110 குதிரைவலு என்று வைத்துக்கொள்வோம். முழு மிதியில் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 225 கிராம் போகும், மொத்தம் 25 கிலோ, லீற்றரில் 33, 34. நிமிடத்துக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் கூட. பம்ப் தருவது இரண்டரை மடங்கு. ஆகவே என் பம்பில் குறை இல்லை. புதியது வாங்கியிருந்தால் அதுவும் அதே காற்றைத்தான் இன்னும் வேகமாகக் குடித்திருக்கும்.

தம்பி, நீயும் இந்த 30 செக்கன் சோதனையைச் செய். வெளியில், வெறும் வெளியில், தீயணைப்பான் பக்கத்தில். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கராஜ் குழிக்குள் இறங்கித் தங்கும், குழிக்கு மேலே நிறுத்தி இதைச் செய்யவே கூடாது.

ஜூன் 16

மாமாவிடம் இதைச் சொன்னேன், அவர் வாவியிலும் கடலிலும் முப்பது வருடம் படகு ஓட்டியவர், மண்ணெண்ணெய் எஞ்சின். "வலைப்பையைப் பார்த்தியா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி, தாங்கிக்குள் இருக்கும் வடிகட்டியைத்தான் சொல்கிறார். அவர்களுடைய குழாயின் நடுவில் கையால் அமுக்கும் இறப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். ஓட்டத்தில் அந்தக் குமிழ் சப்பிப் போனால் தாங்கிப் பக்கம் அடைப்பு, கல்லு மாதிரி இருந்தும் எஞ்சின் நின்றால் அடைப்பு எஞ்சின் பக்கம். மீற்றர் இல்லாமலேயே அவருக்குத் தெரிகிறது. நான் இன்னும் தாங்கியைத் திறக்கவில்லை என்பது அவருக்கு நம்ப முடியாமல் இருந்தது. சனிக்கிழமை திறக்கிறேன்.

ஜூன் 21

திறந்துவிட்டேன்.

பற்றரியைக் கழற்றி, தாங்கியில் பத்து லீற்றர் அளவுக்கு வடித்து, கச்சான் காற்று நல்லா வீசும் நேரம் பார்த்து வேலியோரம் நிறுத்தி, கதவு நான்கையும் திறந்து வைத்துச் செய்தேன். பின் இருக்கைக்கு அடியில் வட்ட மூடி. எட்டு நட்டு, அதில் இரண்டு துருப்பிடித்து அரை மணி நேரம் எடுத்தது.

மூடியைச் சற்றே தூக்கி, பம்பை வெளியே எடுக்க முன்னர் போன் லைட்டை வெளியே பிடித்துக் கண்ணாடி வைத்து உள்ளே பார்த்தேன், அதற்காகச் சந்தோஷப்படுகிறேன், எடுத்திருந்தால் தெரிந்திருக்காது. பம்பின் அடியில் மாட்டும் வலைப்பை, ஒரு விரல் நீளம், தாங்கியின் நடுவிலுள்ள பள்ளத்தை நோக்கிப் படுத்திருக்க வேண்டும். என்னுடையது நேர் எதிராக, வலது சுவரைப் பார்த்துக்கொண்டு, நுனி மேலே வளைந்து தரையிலிருந்து ஒன்றரைச் செண்டிமீற்றர் தூக்கி நின்றது. முன்பு யாரோ பம்ப் மாற்றியவர் அதைத் திருப்பிக் குத்தியிருக்கிறார். ரோட்டில் ஓட்டுபவருக்கு வாழ்நாளில் இது தெரியவராது, கடைசி நாலைந்து லீற்றரில் மட்டும் இருமும்.

வலைப்பையின் நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். விரலால் தேய்த்தால் தேயிலைத் தூள் மாதிரி மண்ணிறம் வந்தது. 2022 ஞாபகம் இருக்கும்தானே, கிழமைக்கு 20 லீற்றர் கியூஆர் காட்டி அடித்து, ஒவ்வொருவரும் தாங்கியின் அடி வரை வற்றவிட்டு ஓட்டினோம், கேனில் வைத்ததையும் ஊற்றினோம். அடியில் கிடந்ததெல்லாம் கிளம்பி இதில் வந்து ஒட்டியிருக்கிறது. ஆனால், ஏற்கனவே ஒரு தடவை ஏமாந்ததால் சொல்கிறேன், அழுக்குத்தான் காரணம் என்று இப்போது எழுத மாட்டேன். 720 மில்லிலீற்றர் வந்தது இந்த அழுக்கோடுதான்.

புதிய வலைப்பை, சரியான திசையில். தாங்கியின் அடியை வெள்ளைத் துணியால் மூன்று தடவை துடைத்தேன்.

ஜூன் 22

வலைப்பை நடுவில் இருந்தால் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே தடுப்புத் தகடு ஏதும் இல்லாத வெறும் பெட்டி, 80 செண்டிமீற்றர் அகலம், 25 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பாகை சரிந்தால் பாதித் தாங்கியில் வலது ஓரம் 25 செண்டிமீற்றர் காய்ந்துவிடும். கால் தாங்கியில் 45 செண்டிமீற்றர் காயும், அதாவது நடுவும் போச்சு. நடு நனைந்திருக்க மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். என் வலைப்பை வலது ஓரத்தைப் பார்த்து நின்றதால் பாதியிலேயே அடைத்தது, கணக்கு அப்படியே பொருந்துகிறது. உண்மையான தாங்கியில் தகடுகள் பெற்றோல் ஓடுவதைத் தாமதிக்கும், ஆகவே குறுகிய வளைவுகளில் இதைவிட நல்லாகவே இருக்கும்.

ஜூன் 24

ஸ்பொஞ்ச் போடலாமா என்று ஒருவர். பெற்றோல் தாங்கிக்கென்றே செய்த நுரை இருக்கிறது, அது அலையைக் குறைக்கும், போட்டிக் கார்களில் போடுகிறார்கள். மெத்தைக் கடை ஸ்பொஞ்சைத் தயவுசெய்து போடாதீர்கள். ஊறிக் கரைந்து துண்டு துண்டாகப் பம்புக்குள் போகும், பிறகு தாங்கியையே மாற்ற வேண்டி வரும்.

நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றத்துக்குப் போகிறவர் ஒருவரும் கேட்டிருந்தார். 1934இலிருந்து நடக்கிற போட்டி, பாரம் குறையட்டும் என்று எல்லோரும் பெற்றோலைக் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். அங்கே ஏற்றமும் வேகமெடுப்பும் சேர்ந்து பெற்றோலைப் பின்னுக்குத் தள்ளும், ஆகவே பம்பின் வாய் தாங்கியின் முன் பக்கம் இருந்தால் கவனம்.

ஜூலை 13

நேற்று ட்ராக்கில். நிரப்பிக்கொண்டு இறங்கினேன், மீற்றர் வைப்பருக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே. பாதியில் ஒன்றும் இல்லை. அந்த வலது வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை, ஏழாவது சுற்றுக்குப் பிறகுதான் தோள் தளர்ந்தது. பெற்றோல் முள் கால் பங்குக்குச் சற்று மேலே வந்தபோது அழுத்தமானியில் ஒரு துடிப்பு, இந்தத் தடவை இடது வளைவிலும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்தால் வாய் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம்! உடனே காலை எடுத்துவிட்டு உள்ளே வந்து நிரப்பினேன்.

பெற்றோலும் நன்றாகச் சூடாகியிருந்தது, தாங்கியின் அடியில் கை வைக்க முடியவில்லை. எஞ்சினைச் சுற்றித் திரும்பி வரும் பெற்றோல் கொஞ்சப் பெற்றோலில் கலந்தால் சீக்கிரம் சூடேறும், சூடான பெற்றோலைப் பம்ப் இழுக்கும்போது குமிழ் கட்டும். தாங்கியைக் குறைய விடாமல் இருக்க இது இரண்டாவது காரணம்.

தனியாக ஒரு சிறிய சேமிப்புத் தாங்கி போடுவதா என்று யோசித்தேன். பம்ப் நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் இழுக்கிறது, ஆகவே அரை லீற்றர் இருந்தாலே 20 செக்கன். ஐந்து செக்கன் வளைவுக்குத் தாராளம். ஆனால் அதற்கு இன்னொரு பம்ப், இன்னும் நாலு குழாய், எட்டு இணைப்பு, காருக்குள் வைத்தால் தடுப்புச் சுவர். ஒவ்வொரு இணைப்பும் தீ பிடிக்கக்கூடிய ஒரு இடம். வருடத்தில் மூன்று தடவை போகிற எனக்கு ஒரு கேன் பெற்றோல் போதும்.

ஜூலை 19

கல்முனைத் தம்பி திறந்துவிட்டார், படமும் அனுப்பினார். அவருடைய வலைப்பை சரியான திசையில்தான் இருக்கிறது. பம்ப் ஒரு சிறிய வாளிக்குள் நிற்கும் அமைப்பு, திரும்பி வரும் பெற்றோல் அந்த வாளிக்குள் விழ வேண்டும். அந்தக் குழாய் கழன்று வாளிக்கு வெளியே, வலது பக்கம் தொங்குகிறது. வாளி நிரம்பவே இல்லை. வேறு காரணம், அதே நோய்.

தம்பி, கடையில் சாதாரண பெற்றோல் குழாயை வெட்டித் தருவார்கள், அதை வாங்காதே. அது உள்ளே பெற்றோல் ஓடத்தான் செய்தது, வெளித்தோல் பெற்றோலில் ஊறினால் வீங்கி உரியும். தாங்கிக்குள் மூழ்கிக் கிடக்கும் குழாய்க்கு மேலே 30ஆர்10 (30R10) என்று அச்சிட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்கு. என்னிடம் முக்கால் அடி மிஞ்சியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போ, இறுக்கி இரண்டும் தருகிறேன்.